பானபாத்திரக்காரன் மறந்தபோது

தியானப் பகுதி: ஆதியாகமம் 40:14-23, 43:8-9, எபிரெயர் 7:22, 8:12



சிறையிலிருந்த யோசேப்பு, விடுதலையாகப்போகிற பானபாத்திரக்காரரின் தலைவனிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. தன்னை நினைத்துக்கொண்டு பார்வோனிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றே கேட்டான். அந்த மனிதனோ மறந்துபோனான். யோசேப்பு மேலும் இரண்டு வருஷம் சிறையில் கிடந்தான். அவன் பகைத்தான் என்றோ வஞ்சித்தான் என்றோ வேதம் சொல்லவில்லை. மறந்தான், அவ்வளவே. இந்தப் பகுதியை வாசிக்கும்போது என் இருதயம் குத்தப்படுகிறது. ஏனெனில் சென்ற ஆண்டு நானும் அப்படியே மறந்தேன்.

நம் சபையின் சிறை ஊழியக் குழுவை நீங்கள் அறிவீர்கள். விசாரணைக் கைதிகளின் குடும்பங்களைச் சட்டப்பணிகள் குழு வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்வதும், பிணை நிற்பவர்களின் ஆவணங்களைச் சேர்த்துக் கொடுப்பதும் அதன் வேலை. முடிச்சூர்ப் பக்கத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு ஜாமீன் கிடைத்திருந்தது. இரண்டு பிணைதாரர்கள் தேவை. இரண்டாமவர் தம் வீட்டுவரி ரசீதின் நகலை என் கையில் தந்தார். நான் அதைப் பிரசங்கக் குறிப்புகளுக்குள் வைத்துவிட்டு மறந்தேன். பதினோரு நாள் கழித்து அந்தத் தாய் ஆலயத்து வாசலில் வந்து நின்றார்: “ஐயா, பிள்ளைக்கு ஜாமீன் கிடைச்சிடுச்சுன்னு சொன்னீங்களே, இன்னும் ஏன் வீட்டுக்கு வரல?”

பெருங்களத்தூரில் தொடங்கும் புறவழிச்சாலை புழலில் போய் முடிகிறது. ஏறக்குறைய 32 கிலோமீட்டர். அந்தப் பதினோரு நாளில் அத்தாய் எத்தனை முறை புழல் சிறைக்குப் போய்வந்தார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

இது என் ஒருவனுடைய தவறு மட்டுமல்ல, நம் தேசத்தின் பழைய நோயும்கூட. 1978-ல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது. பிணை நிற்க வந்த சகோதரனின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் அதுவும் மறுக்கப்பட்டது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவரை 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடுவித்தார். 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் மேலும் வழிகாட்டியது: ஜாமீன் கிடைத்த தேதியைச் சிறைக் கண்காணிப்பாளர் ‘இ-பிரிசன்ஸ்’ மென்பொருளில் பதியவேண்டும், ஏழு நாளுக்குள் கைதி வெளிவராவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்கவேண்டும், ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் தரப்படாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். மனிதர் மறக்கிறார்கள் என்பதை நீதிமன்றமே அறிந்திருக்கிறது.

ஆகவே நம் வாலிபர்கள், “ஐயா, நமக்கும் ஒரு மென்பொருள் வேண்டும்” என்றார்கள். மூன்றைப் பார்த்தோம். முதலாவது, அமெரிக்க ஜாமீன் நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்டது. அந்நாட்டின் பல மாநிலங்களில் நிறுவனங்களே கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்கின்றன. பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு. அது திரும்பக் கிடைக்காது. எனவே அந்த மென்பொருளின் முதல் திரையே கட்டணத்தையும் தவணை பாக்கியையும் கேட்டது. நம் நாட்டிலோ பிணை என்பது வியாபாரமல்ல. பிணைதாரரின் இழப்பை ஈடுசெய்வதாகச் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இரண்டாவது, வழக்கறிஞர் அலுவலகங்களுக்கானது. வழக்கின் பதினாறு இலக்கச் சி.என்.ஆர். எண்ணைத் தந்தால் வாய்தா தேதி வந்துவிடும். நல்லதுதான். ஆனால் ஜாமீன் கிடைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று அது காட்டவில்லை. எல்லாருடைய ஆவணங்களையும் குழுவிலுள்ள எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்தது.

மூன்றாவதைத் தெரிந்துகொண்டோம். நம் வாலிபச் சகோதரி ஒருவர் தயாரித்த எளிய அட்டவணை அது. கடவுச்சொல்லோடு ஒரே மடிக்கணினியில் இருக்கும். முதல் பத்தியில் ஜாமீன் கிடைத்த நாள். ஏழாம் நாளில் அந்த வரி சிவப்பாகும். அடுத்து, காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டிய நேரமும் வாய்தா தேதியும். பிணைதாரர் இதுவரை எத்தனை பேருக்குப் பிணை நிற்கிறார் என்பதற்கும் ஓர் இடம் உண்டு. அதை நீதிமன்றத்தில் அவர் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம்.

என்ன குற்றச்சாட்டு என்று எழுத ஒரு கட்டம் வேண்டுமா என்பதில்தான் நெடுநேரம் விவாதித்தோம். பிணை நிற்பவருக்கு அது தெரியவேண்டும், மெய்தான்; அதை வழக்கறிஞர் நேரில் சொல்லுவார். நம் அட்டவணையில் அது இராது. ஆதார் நகலும் இராது. வழக்கு முடிந்ததும் அந்த வரியே அழிக்கப்படும். தேவன் நம் பாவங்களை இனி நினைப்பதில்லை என்கிற எபிரெயர் 8:12-ஐ அன்றிரவு வாசித்துவிட்டுத்தான் கலைந்தோம். மனிதனை மறவாதிருக்கவும் அவன் அவமானத்தை மறந்துவிடவும் கற்றுக்கொள்ளுவதே நம் ஊழியம்.

ஆயினும் பிரியமானவர்களே, சிவப்பாகிற வரி எவரையும் சிறையிலிருந்து வெளியே கொண்டுவராது. யாராவது நீதிமன்றத்துக்குப் போய், பிணைப்பத்திரத்தில் புகைப்படம் ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வைக்கவேண்டும். பிணைதாரர் அந்த மனிதன் குற்றமற்றவன் என்று சாட்சி சொல்லவில்லை. அவன் வாய்தாவுக்கு வருவான் என்றே பொறுப்பேற்கிறார். வராவிட்டால் இழப்பு இவருடையது. அதனால்தான் நீதிமொழிகள் பிணைபடுகிறவனை எச்சரிக்கிறது. ஆராயாமல் யாரும் கையெழுத்திட வேண்டாம். ஆனாலும் பென்யமீனுக்காக யூதா தன்னையே உத்தரவாதமாக வைத்தான். அந்த யூதாவின் கோத்திரத்தில் தோன்றிய நம் ஆண்டவரையே எபிரெயர் நிருபம் மேலான உடன்படிக்கையின் பிணையாளி என்று அழைக்கிறது. நாம் தவறுவோம் என்று அறிந்தே அவர் நமக்காக நின்றார்.

வாரந்தோறும் செவ்வாய் மாலை அட்டவணையைப் பார்வையிட இருவர் தேவை. நான் மட்டும் பார்த்தால் போதாது என்பதை நீங்கள் இப்போது அறிவீர்கள்.

ஜெபம்: எங்களை மறவாத கர்த்தாவே, காவலில் இருக்கிறவர்களை நாங்கள் மறவாதபடி எங்களுக்கு உதவிசெய்யும். எங்களுக்காகப் பிணைநின்ற இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்