தானே ஓடிய பெட்டிகள்

புகையிரதம் என்றதும் முன்னே புகை கக்கிச் செல்லும் இயந்திரமும், அதன் பின்னே கட்டுண்டு செல்லும் பெட்டிகளுமே நம் மனக்கண்முன் தோன்றும். பயணிகள் அமரும் பெட்டியின் உள்ளேயே பொறியையும் பொருத்தி, இழுப்பார் எவருமின்றித் தானே ஓடும்படி செய்த முயற்சியோ பலர் அறியாத ஓர் அத்தியாயமாகவே இருந்துவருகிறது. அவ்வத்தியாயத்தை அறிய விழைவோர் கடுகண்ணாவையிலுள்ள தேசிய புகையிரத நூதனசாலைக்கு ஒருமுறை சென்றுவருதல் நன்று. 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுச்சை வரை இலங்கையின் முதல் வண்டி ஓடியது. அதன் 150ஆவது ஆண்டு நிறைவையொட்டி, 2014இலே அந்நூதனசாலை திறந்துவைக்கப்பட்டது.

சுயமாக இயங்கும் பெட்டிகள் தோன்றியமைக்குச் சிக்கனமே முதற் காரணம் எனலாம். பயணிகள் அருகிய கிளைப்பாதைகளிலே சில பெட்டிகளுக்காகப் பாரிய இயந்திரமொன்றை ஓட்டுவது பெருஞ்செலவாகும். ஒவ்வொரு முடிவிடத்திலும் இயந்திரத்தைக் கழற்றி மறுபுறம் கொண்டுசென்று பூட்டவும் வேண்டும். இதற்கிடையே, 1920களிலே பஸ் வண்டிகள் வீதிதோறும் போட்டிக்கு வந்துவிட்டன. நீராவி லொறிகளை ஆக்கிப் பெயர்பெற்ற சென்டினல் என்ற ஆங்கிலக் கம்பனி, நிமிர்ந்து நிற்கும் சிறு கொதிகலனைப் பயணிகள் பெட்டியொன்றினுள்ளே அமைத்து ஒரு விடை கண்டது. இத்தகைய நீராவிப் பெட்டிகள் 1920களின் இறுதியில் இலங்கைக்கு வந்து, இரண்டரை அடி அகலமுடைய களனிப் பள்ளத்தாக்குப் பாதையிலே ஓடின. பின்னர், 1938இலே இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பனியின் டீசல் தொடர்கள் மூன்று வந்துசேர்ந்தன. சில்வர் ஃபோம், சில்வர் ஸ்பிரே, சில்வர் மிஸ்ட் என்பன அவற்றின் பெயர்கள்.

மலைநாட்டின் கதை வேறு. 1885இலே நானுஓயாவைத் தொட்ட பாதை, 44 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றங்களைக் கொண்டது. சிறு பொறிகளுக்கு எளிதில் வசப்படாத அம்மலை, பாரிய இயந்திரங்களின் ஆட்சியிலேயே நெடுங்காலம் இருந்தது. 2012 முதல் சீனாவில் ஆக்கப்பட்ட 'பவர் செட்' வண்டிகள் பதுளைப் பாதையில் ஓடத் தொடங்கின. பழைய சென்டினலின் கருத்தே அங்கே புதுவடிவில் மலையேறிற்று எனலாம்.

லிந்துலைப் பகுதித் தோட்டமொன்றிலே வாழும் முதியவர் ஒருவர், பாடசாலை செல்லும் தம் பேரனுடன் தலவாக்கலையில் வண்டியேறி அந்நூதனசாலைக்குச் சென்றார். பெட்டியொன்றின் முன்னே நின்று பேரன் வினவினான்:

"தாத்தா, இதுக்கு எஞ்சின் எங்க?"

"உள்ளுக்குள்ளயே இருக்குதாம்பா. தானாவே போகுமாம்."

பையன் சக்கரங்களைக் குனிந்து பார்த்தான். முதியவரோ யன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரஞ்சென்று அவர் சொன்னார்: "எங்க அக்காவ ஏத்திக்கிட்டுப் போன கோச்சிக்கும் இப்புடித்தான் ஜன்னல் இருந்துச்சு. கைய வெளிய நீட்டிக்கிட்டே போனா. அவளா போகலப்பா, இழுத்துக்கிட்டுப் போச்சு."

அவர் குறிப்பிட்டது 1970களின் தொடக்கத்து நிகழ்ச்சி. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் உரியோர் எனப் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதி 1974இலே தீர்மானிக்கப்பட்டது. கணக்கிலே தலைகள் மட்டுமே இருந்தன. ஒரே லயத்துக் காம்பராவிலே பிறந்த அக்காளும் தம்பியும் இரு நாட்டவராயினர். மலைநாட்டு நிலையங்களிலே உறவினர் கதறி நிற்க, வண்டிகள் தலைமன்னார் நோக்கிச் சென்றன. அங்கிருந்து கப்பல் இராமேசுவரத்திற்குக் கொண்டுசேர்த்தது. 1984இலே அக்கப்பற் சேவையும் நின்றுபோயிற்று.

அம்முதியவரின் தமக்கையிடமிருந்து சில ஆண்டுகள் கடிதங்கள் வந்தன, பின்னர் வரவில்லை. பேரனுக்கு இச்செய்தி அன்றுவரை தெரியாது. அக்காள் ஒருத்தி இருந்தாள் என்பதையே அவன் அப்பெட்டியின் முன்னேதான் அறிந்தான். "அவங்க பேர் என்ன தாத்தா?" என்று கேட்டான். தாத்தா சொன்னார். பேரன் அப்பெயரைத் தன் அப்பியாசக் கொப்பியிலே, பொறியின் விவரங்களுக்குக் கீழே எழுதிக்கொண்டான்.

ஒரு நூதனசாலையின் பயன் இதுவன்றோ! இரும்பைக் காப்பாற்றுவதற்குத் தண்டவாளத் துண்டும் கூரையும் வேண்டும். துருப்பிடியாது துடைக்கும் கைகளும் வேண்டும். நினைவைக் காப்பாற்றவோ கேட்பதற்கு ஒருவர் இருந்தாற் போதும். எனினும், அக்கேள்வி உரிய காலத்திலே எழவேண்டும். கொதிகலன் எத்தகையது, ஆக்கியோர் எவர், ஓடிய ஆண்டு எது என்பன ஏடுகளிலே இருக்கின்றன. அவை நாளையும் இருக்கும். எந்தப் பெட்டியிலே யார் ஏறினர், எந்த நிலையத்திலே யார் இறங்காமற் போயினர் என்பனவோ எழுபதைக் கடந்தோரின் நெஞ்சிலே மாத்திரமே எஞ்சியுள்ளன. ஆண்டுதோறும் அவர்களின் தொகை அருகி வருகின்றது.

மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் தொகை இன்று பெருகியுள்ளது. விடுமுறைக்கு வீடு திரும்பும் ஒவ்வொருவரும் தம் லயத்திலுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரு பயணத்தின் கதையையேனும் கேட்டு எழுதிவைத்தால், புகையிரத வரலாற்றிலே விடுபட்ட ஏடுகள் நிறையும். இதற்குப் பெரும் பொருளோ, எவரது அனுமதியோ வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், பொறுமையாக ஒரு மாலைப்பொழுதும் போதும்.