மேடைக்கு மேலுள்ள இரண்டடிச் சுவர்

சமையல் மேடைக்கும் அதற்கு மேலுள்ள அலமாரிக்கும் இடைப்பட்ட, பெரும்பாலும் இரண்டடி உயரமே உடைய சுவர்ப்பகுதி, தாளிப்பின் எண்ணெய்த் தெறிப்பையும் குழாயடி ஈரத்தையும் நாள்தோறும் தாங்க வேண்டியிருப்பதால், மற்றச் சுவர்களைப் போலப் பெயிண்ட் பூசி விடப்படாமல் டைல்ஸ் பதிக்கப்படுகிறது. கட்டடத் தொழிலில் இதற்கு 'டாடோ' என்று பெயர். பரப்பளவில் வீட்டின் மிகச் சிறிய வேலைகளுள் ஒன்றான இது, கொத்தனாரிடம் கோரும் கணக்கிலும் நிதானத்திலும் கூடத்துத் தரையைக் காட்டிலும் பெரியது என்பது, சென்னைப் புறநகரில் பூச்சுவேலை முடிந்திருந்த வீடொன்றில் இவ்வேலையை அருகிருந்து கவனித்தபோது தெளிவாயிற்று.

அச்சமையலறைச் சுவரின் நீளம் 93 அங்குலம். வாங்கப்பட்டிருந்தவை 18 அங்குல நீளமும் 12 அங்குல உயரமும் கொண்ட, குஜராத்தின் மோர்பியில் செய்யப்பட்ட சுவர் டைல்ஸ். ஒரு மூலையிலிருந்து வரிசையாக ஒட்டிச் சென்றால் ஐந்து முழு டைல்ஸ் 90 அங்குலத்தை அடைத்துவிட, மறுமூலையில் மூன்றங்குலத் துண்டு எஞ்சும். அத்தகைய கீற்று அறுக்கும்போதே உடையக்கூடியது என்பதோடு, சுவர் மூலை செங்குத்தாக இல்லாவிட்டால் அந்தக் கோணலை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கொத்தனார் சுவரின் நடுவைக் குறித்து, அங்கிருந்து இருபுறமும் இரண்டிரண்டு முழு டைல்ஸ் வைத்து, இரு மூலைகளிலும் பத்தரை அங்குலத் துண்டுகள் வருமாறு பிரித்தார். இரண்டு வரிசைக்கும் சேர்த்துப் பதினொரு டைல்ஸ் போதுமாயிருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு தேவைப்பட்டன, அறுப்புகளும் இரட்டித்தன. ஒரே ஒரு டைலும் இரண்டு அறுப்புகளும் கூடுதலாகக் கேட்கும் இந்த ஏற்பாடுதான் முடிந்த சுவரைக் கண்ணுக்கு ஒழுங்காக நிறுத்துகிறது.

மேடைக்கல்லும் நம்பத்தக்கதன்று. ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது அது தொட்டிப் பக்கம் இரண்டு நூல் சரிந்திருந்தது (கொத்தனார்களின் அளவில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). கல்லையே அடிக்கோடாகக் கொண்டிருந்தால் அந்தச் சரிவு மேல் வரிசை வரை ஏறியிருக்கும் என்பதால், மட்டம் பிடித்துச் சுவரில் தனிக்கோடு அடிக்கப்பட்டு, கீழ் வரிசை அதற்கேற்பத் தேய்க்கப்பட்டது. இவ்வளவு கணக்குக்குப் பிறகும் சரிசெய்ய முடியாமல் நின்றது மின்பெட்டிகளின் இடம். மிக்ஸிக்கும் கிரைண்டருக்குமான பெட்டிகளை மின்பணியாளர் பூச்சுக்கு முன்பே சுவரில் புதைத்துவிட்டிருந்தார். டைலின் நடுவிலோ இணைப்பிலோ சீராக அமையாமல் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நின்ற அப்பெட்டிகளைச் சுற்றி அறுத்த இரு டைல்களில் ஒன்று விரிசல் விட்டது. டைலின் அளவு முடிவான பிறகே சுவரில் காடி வெட்ட வேண்டும் என்பது எளிய விதிதான். வீடு கட்டுவோர் டைல்ஸ் கடைக்குச் செல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும் வரை அவ்விதி நடைமுறைக்கு வராது.

சுவருக்கான பீங்கான் டைலின் உடல் நுண்துளைகள் நிறைந்தது. தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேலும் நீரை உறிஞ்ச வல்லது. உலர்ந்தபடியே சிமெண்டில் ஒட்டினால், சிமெண்ட் இறுகுவதற்குத் தேவையான நீரை அது குடித்துவிடும் என்பதால், சிமெண்டில் ஒட்டுவோர் டைல்ஸை முதலில் தொட்டியில் ஊறவைக்கின்றனர். தரைக்குரிய விட்ரிஃபைட் டைலோ அரை விழுக்காடு நீரைக்கூட ஏற்பதில்லை. சிமெண்ட் பால் புகுந்து பிடிக்க அதில் இடமில்லாததால் அதற்குப் பாலிமர் கலந்த பசை வேண்டும். இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் இரண்டையும் ஒரே கலவையில் ஒட்டுவதே பல சுவர்களில் டைல்ஸ் கழன்று விழக் காரணம்.

ஒட்டும் வேலை பார்க்க அமைதியானது. டைலின் பின்புறம் முழுவதும் கலவையைப் பரப்பி, ஓரங்களைக் கரண்டியால் சரித்துவிட்டு, சுவரில் வைத்து உள்ளங்கையால் அழுத்திய கொத்தனார், கரண்டியின் கைப்பிடியால் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மெல்லத் தட்டினார். நிறைந்த இடம் கனத்த ஓசை தரும். பின்னால் வெற்றிடம் இருந்தால் ஓசை மாறும். மூன்றாவது டைலின் மேல் மூலையில் ஓசை மாறியதும், எவரும் சொல்லாமலே அதைப் பெயர்த்தெடுத்துக் கலவை சேர்த்து மீண்டும் வைத்தார். ஐந்து உருண்டைக் கலவையை அப்பி ஒட்டும் அவசர முறையில் இந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. பின்னாளில் சமையல் கரண்டித் தாங்கி மாட்டத் துளையிடும்போது உருண்டைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில்தான் டைல் உடைகிறது.

டைல்களுக்கு இடையில் விடப்பட்ட இரண்டு மில்லிமீட்டர் சந்துகளைக் கிரவுட் என்னும் நிரப்புப்பொடிக் குழம்பு அடைக்கிறது. டைலும் மேடைக்கல்லும் சந்திக்கும் கோட்டுக்கு மட்டும் அது பொருந்தாது. அவ்விரண்டும் தனித்தனியே அசைவதால் அங்கே நெகிழும் தன்மையுள்ள சிலிக்கோன் பசையே நிலைக்கும். வழக்கத்தால் அங்கும் வெள்ளைச் சிமெண்ட் தீற்றப்பட்டு, விரிசல் விட்டு, கருத்துப்போகிறது.

டைல்ஸ் அறுக்கும் சித்தாளின் புருவமும் கழுத்தும் வெண்மையாகிவிட்டிருந்தன. முகத்தில் கட்டியிருந்தது ஒரு துண்டு மட்டுமே. அத்தூசியில் நுண்ணிய சிலிக்கா உள்ளது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு அதுவே காரணமாகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நடப்பிலிருந்தபோது இதை அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டிருந்தும், கட்டுமானத்திலுள்ள வீட்டின் மொட்டைமாடியில் குந்தியிருந்து அறுப்பவர் தொழிற்சாலைத் தொழிலாளி அல்லர் என்பதால் அது அவரை எட்டவில்லை. அறுக்கும் தகட்டின்மீது நீர் சொட்டச் செய்தாலே தூசி பெருமளவு அடங்கும். அதற்கு வேண்டுவது ஒரு குழாயும், நீர் படத்தக்க பாதுகாப்புள்ள இயந்திரமுமே. அவற்றை வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை.

கூலி சதுர அடிக் கணக்கில் அளக்கப்படுகிறது. 93 அங்குல நீளத்தையும் 24 அங்குல உயரத்தையும் பெருக்கினால் வருவது பதினைந்தரைச் சதுர அடி. தரைவேலையாக இருந்தால் அதே அளவு சிறிது நேரத்தில் முடிந்திருக்கும். நடுக்கோடு தேடிய நேரமும், மட்டம் பிடித்த நேரமும், பெட்டிகளைச் சுற்றி அறுத்த நேரமும் இந்த அளவைக்குள் வருவதில்லை. விவரமறிந்த கொத்தனார்கள் சமையலறையை மட்டும் அடிக்கணக்கில் ஒப்புக்கொள்ளாமல் மொத்தத் தொகையாகப் பேசுகின்றனர். வீட்டுக்காரர்களுக்கு அது மிகையாகத் தோன்றினாலும், நியாயமான கணக்கு அதுவே.