நழுவிய பந்து

கெங்கவல்லியில் எங்கள் பழைய நண்பர் ஒருவருடைய பேத்தியின் நிக்காஹுக்குச் சென்றிருந்தோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே கல்லூரியில் பயின்று, மாலைதோறும் மைதானமே கதியெனக் கிடந்த நாங்கள் ஐவரும் நெடுநாளைக்குப் பின் அன்றுதான் ஒன்றுகூடினோம். விருந்து முடிந்து, பந்தலின் ஓரத்தில் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு அமர்ந்ததும் பேச்சு தானாகவே கால்பந்தின் பக்கம் திரும்பிற்று.

ஒருவர் தம் அத்தா சொல்லக் கேட்ட கல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் பெருமையைத் தொடங்கினார். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் கல்கத்தா லீக் கோப்பையை வென்ற கழகம் அது. மற்றொருவர் 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குத் தாவினார். ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என இந்தியா வீழ்த்திய ஆட்டத்தில் நெவில் டிசௌஸா மூன்று கோல்கள் அடித்ததை நேரில் கண்டவர் போலவே வருணித்தார்.

பின்னர் வந்தது 1962. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோற்ற இந்தியா, இறுதியாட்டத்தில் அதே கொரியாவை 2-1 என வென்று தங்கம் கொண்டது. தலையில் தையல் போட்ட ஜர்னைல் சிங் முன்வரிசையில் நின்று ஒரு கோல் அடித்தார். காய்ச்சலால் ஒதுங்கியிருந்த நம் தமிழர் பீட்டர் தங்கராஜ் எழுந்து வந்து கோலைக் காத்தார். இவர்களையெல்லாம் உருவாக்கிய பயிற்சியாளர், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். அடுத்த ஆண்டே புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் வாழ்க்கை 2024இல் ‘மைதான்’ என்ற பெயரில் இந்தித் திரைப்படமாகவும் வந்தது. அதைச் சொல்லும்போதே எங்களில் சிலருக்குக் கண் கலங்கிற்று.

அப்போதுதான் வழக்கம்போல ஒருவர், “தங்கராஜும் கோல் காவலர், நம் ஆளும் கோல் காவலர்!” என்று விருந்தளித்த நண்பரைச் சீண்டினார். நாங்கள் சிரித்தோம். கல்லூரிகளுக்கிடையே நடந்த ஓர் இறுதியாட்டத்தில், கைக்கு நேரே வந்த பந்தை அவர் நழுவவிட்டதனால் கோப்பை போயிற்று. திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. பின்னர் அது எங்களுக்கு ஆயுட்கால வேடிக்கையாகிவிட்டது.

அவரும் எப்போதும்போலப் புன்னகைத்தார். ஆனால் அவருடைய துணைவியார், “அன்று இவருக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்ததாமே, உங்களிடம் சொல்லவில்லையா?” என்று கேட்டுவிட்டார். பந்தலில் பேச்சு நின்றது.

நண்பர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஆட்டத்துக்கு முன் சொல்லியிருந்தால் என்னை இறக்கியிருக்கமாட்டீர்கள். மாற்று ஆளும் நம்மிடம் இல்லை. தோற்ற பிறகு சொன்னால் அது சாக்குப்போக்காகிவிடும் என்று விட்டுவிட்டேன்.”

எங்கோ ஜகார்த்தாவில் காய்ச்சலோடு நின்றவருக்காக உருகிய நாங்கள், எங்கள் பக்கத்திலேயே காய்ச்சலோடு நின்றவரை ஐம்பது ஆண்டுகள் எள்ளி நகையாடியிருக்கிறோம். வென்றவனின் வலி வரலாறாகிறது. தோற்றவனின் வலியை யாரும் விசாரிப்பதில்லை. நாங்களும் ஒருநாளேனும் ‘ஏன் நழுவியது?’ என்று கேட்டதில்லை.

எங்களில் மூத்தவர் எழுந்து சென்று அவர் கையைப் பற்றி, “பொறுத்துக்கொள்” என்றார். மற்றவர்களும் எழுந்தோம். அவரோ, “ஜர்னைல் சிங் அடித்த பந்தைக்கூடப் பிடித்திருப்பேன், உங்கள் வாயைத்தான் பிடிக்க முடியவில்லை” என்று சொல்லி எங்களைச் சிரிக்கவைத்தார்.

மாலை ஆத்தூர் செல்லும் பேருந்தில் ஏறினோம். இருபுறமும் மரவள்ளித் தோட்டங்கள் இருட்டிக்கொண்டு வந்தன. அன்றும் பேருந்தில் ஒருவரும் பேசவில்லை.