தோல்விக்குப் பின்னும் திறந்திருந்த வாசல்



தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவ நண்பர்கள் கேட்டபோது, சங்க இலக்கியம் பற்றியோ சீறாப்புராணம் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். நாம் எழுத எடுத்துக்கொண்டதோ கூடைப்பந்து. தமிழ்த்துறை மலரில் பந்துக்கு என்ன வேலை என்று வினவுவோர்க்கு விடை ஒன்றுண்டு. இக்கல்லூரியில் பயின்ற நாளில் நாமும் இதே ஆடுகளத்தில் ஓடியவர்களே. அந்நாளில் நம்மிடம் நேர்ந்த பிழை ஒன்று நெடுங்காலம் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. கடல் கடந்த ஒரு கல்லூரி அணியின் கதை அப்பிழையை நமக்கு விளக்கிக் காட்டியது. அதனை இளைய தலைமுறைக்குச் சொல்லிவைப்பது கடமை எனக் கருதுகின்றோம்.

அக்காலத்தில் நம் ஆடுகளம் மண் தரை. அஸர் தொழுகை முடிந்ததும் பயிற்சி தொடங்கும். மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது முடியும். ஆடுகளத்தைக் கவனித்துக்கொண்ட முதியவர் ஒருவர், நாள்தோறும் தரையைக் கூட்டி, நீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு இட்டுவைப்பார். நாம் இறுதியாண்டு பயின்றபோது அணி தொடக்கத்தில் நன்றாகவே ஆடியது. ஆனால் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி நெருங்கிய வேளையில் நான்கு பயிற்சி ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றோம். அதன்பின் மாலைப் பயிற்சிக்கு வருவோர் தொகை குறைந்தது. ஒருவர்க்குக் காய்ச்சல், ஒருவர்க்குத் தேர்வு, ஒருவர்க்கு ஊரில் திருமணம். ஒரு நாள் அம்முதியவர் விடுதி வாசலுக்கே வந்துவிட்டார். “கோடு போட்டு வச்சிருக்கேன் தம்பி. ஆளுங்களைத்தான் காணோம்” என்றார். நாம் தலையைக் குனிந்துகொண்டோம். ஆயினும் மைதானத்திற்குப் போகவில்லை.

போட்டியின் முதற்சுற்றிலேயே வெளியேறினோம். இதில் வியப்பில்லை. உறுத்துவது வேறொன்று. அந்த ஆட்டத்தின் இடைவேளையில் நாமே இரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தோம். நம்மில் ஒருவர்கூட அதனை நம்பவில்லை. தோற்பதற்கென்றே வந்தவர்கள் போல் இரண்டாம் பாதியை ஆடி முடித்தோம்.

ஆண்டுகள் பல சென்றன. 2024ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் தமிழகத்தில் ரமலான் முதல் நோன்பு. நம் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் தலைநகரான ராலேயில் பணிபுரிகின்றார். மறுநாள் ஸஹர் நேரத்தில் அவரிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. “சார், எங்க ஊர்ப் பல்கலைக்கழக அணி ஜெயிச்சிருக்கு. இன்னும் நாலு நாள் ஜெயிக்கணும். நடக்காத காரியம்” என்று எழுதியிருந்தார். அவ்வூர்க் கூடைப்பந்தை நாம் பின்தொடரத் தொடங்கியது அன்றுதான்.

அங்குள்ள முறையைச் சற்று விளக்குவது நலம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒவ்வோர் அணியும் ஒரு கூட்டமைப்பைச் சேர்ந்தது. ராலேயில் உள்ள வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பைச் சேர்ந்தது. அடுத்த ஊர்களான சேப்பல் ஹில்லில் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் டர்ஹாமில் டியூக் பல்கலைக்கழகமும் உள்ளன. மூன்றும் ஒரு மணி நேரப் பயணத்திற்குள் அடங்கியவை. மூன்றும் ஒரே கூட்டமைப்பினவை. பருவ ஆட்டங்கள் முடிந்தபின் கூட்டமைப்புப் போட்டி நடைபெறும். அதன்பின் தேசியப் போட்டி. 2024இல் தேசியப் போட்டிக்குரிய 68 அணிகளுள் 32 அணிகள் தத்தம் கூட்டமைப்புப் போட்டியில் வென்று நேரே நுழைந்தவை. எஞ்சிய 36 அணிகளை ஒரு குழு தேர்ந்தெடுத்தது. கடைசிச் சில ஆட்டங்களில் அணி எவ்வாறு ஆடியது என்பதைத் தனி அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் அக்குழுவிடம் முன்பு இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. ஆயினும் பருவ முடிவில் சரிந்த அணியை மக்கள் எளிதில் மறப்பதில்லை.

ராலே அணி அவ்வாறு சரிந்த அணியே. 17 வெற்றி, 14 தோல்வி. பருவத்தின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. அவற்றுள் சேப்பல் ஹில்லிடம் ஒன்று. டியூக்கிடம் சொந்த ஊரில் 64-79 என்று ஒன்று. கூட்டமைப்பின் 15 அணிகளுள் பத்தாம் இடம். குழு தேர்ந்தெடுக்கும் என்னும் நம்பிக்கைக்கு இடமே இல்லை. பயிற்றுநர் கெவின் கீட்ஸின் பதவி நிலைக்குமா என்ற பேச்சும் எழுந்திருந்தது. திறந்திருந்த வாசல் ஒன்றே ஒன்று: கூட்டமைப்புப் போட்டியில் வெல்ல வேண்டும். முதல் நான்கு இடத்தார்க்கு மூன்று வெற்றி போதும். பத்தாம் இடத்தார்க்கோ ஐந்து நாட்களில் ஐந்து வெற்றி தேவை. அக்கூட்டமைப்பில் அதற்கு முன்னர் எவரும் அவ்வாறு வென்றதில்லை.

வாஷிங்டன் நகரில் முதல் நாள் லூயிவில் அணியை 94-85 என்று வென்றனர். இரண்டாம் நாள் சிரக்யூஸ், 83-65. மூன்றாம் நாள் எதிரே நின்றது டியூக். பத்து நாட்களுக்கு முன்னர் 15 புள்ளியில் தம்மை வீழ்த்திய அதே அணியை 74-69 என்று வென்றனர்.

நான்காம் நாள் ஆட்டம் வர்ஜினியாவுடன். நமக்கு அது காலை நேரம். ஃபஜ்ர் தொழுது, சிறிது உறங்கி எழுந்து கைப்பேசியை நோக்கினோம். ஆட்டம் முடிய ஐந்து நொடிகளே இருந்தன. வர்ஜினியா மூன்று புள்ளி முன்னிலை. அவர்களுக்கே ஃப்ரீ த்ரோ வாய்ப்பும் கிட்டியிருந்தது. முதல் எறியைக் கூடையில் இட்டால்தான் இரண்டாம் எறி என்பது விதி. முதல் எறியே தவறியது. ராலே அணியின் மைக்கேல் ஓகானல் பந்துடன் களத்தின் மறுமுனை நோக்கி ஓடி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். பந்து பலகையில் மோதி, வளையத்தைத் தொட்டு, உள்ளே விழுந்தது. 58-58. கூடுதல் நேரத்தில் 73-65 என்று வென்றனர். இறைவன் நாடினால் ஒரு நொடி எத்துணைப் பெரியதாகிவிடுகின்றது! ஆனால் அந்த நொடியில் ஓடுவதற்கு ஓகானல் ஆயத்தமாக இருந்தார் என்பதையும் நாம் மறத்தல் கூடாது. நம் பழைய அணியில் ஒருவரேனும் ஓடியிருப்போமா?

ஐந்தாம் நாள் கூட்டமைப்பில் முதலிடம் பெற்ற சேப்பல் ஹில் அணியை 84-76 என்று வென்றனர். டி.ஜே. ஹார்ன் மட்டும் 29 புள்ளி எடுத்தார். 1987க்குப் பின் அப்பல்கலைக்கழகத்திற்குக் கிடைத்த முதல் கூட்டமைப்புக் கிண்ணம் அது.

தோற்ற அணியும் வென்ற அணியும் ஒரே ஆட்டக்காரர்களைக் கொண்டவை என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. அவ்வணியின் நடு ஆட்டக்காரர் டி.ஜே. பர்ன்ஸ், ஏறக்குறைய 125 கிலோ எடையுள்ளவர், இடக்கையர். விரைந்து ஓடுபவரல்லர். கூடைக்கு முதுகுகாட்டி நின்று, தோளால் மெல்ல மெல்ல எதிரியைப் பின்தள்ளுவார். தடுக்க இருவர் சூழ்ந்தால், தனித்து நிற்கும் தோழருக்குப் பந்தை அனுப்பிவிடுவார். அவர் இருவரை ஈர்த்துக்கொள்வதால் மற்றவர்க்கு இடம் கிடைக்கின்றது. ஒரு நல்ல குடும்பத்தில் மூத்தவர் செய்யும் வேலை அதுவேயன்றோ!

நம் உள்ளத்தை மிகவும் தொட்டவர் மற்றொருவர். பிரான்சிலிருந்து சென்று அவ்வணியில் ஆடிய முகம்மது தியாரா ரமலான் நோன்பு நோற்றுக்கொண்டே இந்த ஆட்டங்களில் ஆடினார். நாம் ஸஹர் உணவை உண்டபடி ஆட்டச் செய்தி பார்த்திருக்க, அவர் நோன்புக் காலத்தில் நாள்தோறும் களத்தில் குதித்துக்கொண்டிருந்தார். தேசியப் போட்டியில் டெக்சஸ் டெக் அணிக்கு எதிராக 17 புள்ளியும், மார்க்கெட் அணிக்கு எதிராக 15 ரீபவுண்டும் எடுத்தார். நோன்பு உடலைத் தளர்த்தும் என்போர்க்கு அவரது ஆட்டமே விடையாயிற்று. அவருக்கு முன்னோடியாக ஹகீம் ஒலாஜுவான் இருந்தார். நைஜீரியாவின் லாகோஸில் பிறந்த அவர், தொழில்முறை ஆட்டக்காரரான பின் ரமலானில் நோன்பிருந்தே ஆடியவர்.

ஒலாஜுவானுக்கும் ராலே அணிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1983ஆம் ஆண்டுத் தேசிய இறுதியாட்டத்தில் அவர் ஆடிய ஹூஸ்டன் அணி தொடர்ந்து 26 ஆட்டங்களில் வென்று வந்திருந்தது. எதிரே நின்றது பத்துத் தோல்விகளைச் சுமந்து வந்த ராலே அணி. பயிற்றுநர் ஜிம் வால்வானோ. கடைசி நொடியில் டெரக் விட்டன்பர்க் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்தை எட்டாமல் விழுந்தது. கூடையருகே நின்ற லோரன்சோ சார்லஸ் அதனைப் பிடித்து உள்ளே திணித்தார். 54-52. அவ்வாண்டுப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது, தோற்ற அணியின் ஒலாஜுவானுக்கே வழங்கப்பட்டது. தோற்றவர் தகுதியற்றவர் அல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

2024இல் அந்தப் பழைய வரலாறு மீண்டும் எழுந்தது போலிருந்தது. தேசியப் போட்டியில் தம் பிரிவில் பதினோராம் தரவரிசை பெற்ற ராலே அணி டெக்சஸ் டெக், ஓக்லண்ட், மார்க்கெட் ஆகிய அணிகளை வென்றது. அடுத்து மீண்டும் டியூக். இடைவேளையில் ஆறு புள்ளி பின்தங்கியிருந்தும் 76-64 என்று வென்றனர். பர்ன்ஸ் 29 புள்ளி. 1983க்குப் பின் முதன்முறையாகக் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாயினர். அதே ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் மகளிர் அணியும் தன் போட்டியில் கடைசி நான்கினுள் நுழைந்தது. ஏப்ரல் 6ஆம் நாள் ஆடவர் அணி பர்டியூ அணியிடம் 50-63 என்று தோற்றது. ஏழடி நான்கங்குல உயரமுள்ள சாக் ஈடியை அவர்களால் அடக்க இயலவில்லை. ஒன்பது வெற்றிகளின் தொடர் அங்கே முடிந்தது. “நோன்புக் காலம் முழுக்க நல்லா ஓடுச்சு சார்” என்று எழுதினார் நம் மாணவர். மனநிறைவோடு தோற்கவும் முடியும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

கதையை இங்கே முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. மறு பருவத்தில் அவ்வணி 12 வெற்றியும் 19 தோல்வியும் பெற்றது. கூட்டமைப்புப் போட்டிக்குள் நுழையும் தகுதியே கிட்டவில்லை. 2025 மார்ச்சில் பயிற்றுநர் கீட்ஸ் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். ஒரு வசந்தத்தின் வெற்றி மறு வசந்தத்திற்குக் காப்பீடு ஆவதில்லை. அவ்வாறே ஒரு மாதத்தின் தோல்வியும் அடுத்த மாதத்திற்குத் தீர்ப்பு ஆவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே கற்றோம்.

இதனை இன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. இவ்வாண்டு நம் கல்லூரி அணி கடைசி மூன்று ஆட்டங்களிலும் தோற்றுள்ளது. மண்டலப் போட்டி நெருங்குகின்றது. வாய்ப்பு எப்படி என்று பலரும் கேட்கின்றனர். உள்ளதை உள்ளபடி சொல்வோம். நம் அணியின் குறைகள் இரண்டு: ஃப்ரீ த்ரோ எறிகளைத் தவறவிடுகின்றோம், கடைசிப் பத்து நிமிடத்தில் தற்காப்புக்கு ஓடித் திரும்பத் தவறுகின்றோம். இரண்டும் பயிற்சியால் தீரக்கூடியவை. உயரமான ஆட்டக்காரர் இருவர் இருக்கின்றனர். அவர்களைச் சூழும்போது பந்தை வெளியே அனுப்பும் பழக்கம் மட்டுமே வர வேண்டும். முதலிரண்டு சுற்றுகளைக் கடக்கும் ஆற்றல் இவ்வணிக்கு உண்டு என்றே கருதுகின்றோம். அதற்குமேல் இறைவன் நாட்டம். தவக்குல் என்பது முயற்சியைச் செய்து முடித்தபின் பொறுப்பை அவனிடம் ஒப்படைப்பதாகும். அன்று நாம் ஒப்படைத்தது பொறுப்பையன்று, முயற்சியையே கைவிட்டோம். அதற்கு விதி என்று பெயரிட்டோம். நம் பிழை அதுவே.

சென்ற வாரம் மாலையில் ஆடுகளம் வரை சென்றோம். மண் தரை இப்போது சிமெண்ட் தரையாகிவிட்டது. சுண்ணாம்புக் கோடுகளின் இடத்தில் வண்ணக் கோடுகள். அந்த முதியவர் இறையடி சேர்ந்து நெடுநாளாயிற்று. இறைவன் அவர் பிழை பொறுத்து நற்பேறு அருள்வானாக. பன்னிருவர் அணியில் எத்தனை பேர் வந்திருக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தோம். பதினொருவர் இருந்தனர். பன்னிரண்டாமவர் எங்கே என்று கேட்டோம். “வந்துட்டிருக்கான் சார், லேப் இப்பதான் முடிஞ்சுது” என்றார் அணித்தலைவர். சொல்லி முடிப்பதற்குள் புத்தகப்பையுடன் ஓடி வந்து சேர்ந்தார் அவர்.

மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை அங்கேயே நின்றிருந்தோம்.