காசு வரும் முன்னே கட்டுப்பாடு!



நம் வகுப்பில் பாதிப் பேர் யூடியூபில் சேனல் வைத்திருக்கிறோம். என்னுடையது சின்ன சேனல். ஓடாத மிக்ஸி, கருகிப்போன ஸ்விட்ச், சத்தம் போடும் ஃபேன், இவற்றைச் சரிசெய்வதை மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தே படம் பிடித்துப் போடுவேன். பார்ப்பவர்கள் பெரும்பாலும் நம் கம்பம் பள்ளத்தாக்கு ஜனங்கள்தான்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா வாழைத்தார் சுமக்கிறார். அம்மா நாத்து நடப் போகிறார். அதனால் எனக்குத் தெருவில் ஒரு மரியாதை உண்டு. "தம்பி கரண்டுக்குப் படிக்குது, அது சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்பார்கள்.

போன வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. ப்ளக்கில் செருகினால் கரண்ட் பில் பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டி. அதைப் பற்றி நல்லபடியாகப் பேசினால் ஐயாயிரம் ரூபாய்! பெட்டியையும் அனுப்பி வைத்தார்கள். பிரித்துப் பார்த்தேன். ஒரு சிறு கெப்பாசிட்டர், ஒரு எல்.இ.டி. அவ்வளவே!

ஏ.சி. சர்க்யூட் பாடத்தில் பவர் ஃபேக்டர் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மோட்டாரோடு கெப்பாசிட்டரைச் சேர்த்தால் ஆம்பியர் கொஞ்சம் குறையலாம். ஆனால் வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது கிலோவாட்-மணியை, அதாவது யூனிட்டை. அது குறையாது. ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் கட்டணம் எகிறிவிடும். அந்தப் பயத்தில் இருப்பவர்கள் என் முகத்தை நம்பி வாங்கி மாட்டுவார்கள்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சும்மா சொல்லிவிடவில்லை நண்பர்களே! அப்போது ஃபீஸ் கட்ட அம்மா மகளிர் குழுவில் கடன் கேட்டிருந்தார். "காத்துள்ளபோதே தூத்திக்கடா" என்றான் கூட்டாளி. அப்பாவோ, "வேணாம்யா, நாளைக்கு நாலு பேரு முகத்துல முழிக்கணும்ல" என்றார்.

ஆனால் என்னை உண்மையில் காப்பாற்றியது, சேனல் தொடங்கிய அன்றே ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்த கட்டுப்பாடுகள்தான்:

1. நானே சோதித்துப் பார்க்காததை நல்லது என்று சொல்ல மாட்டேன்.

2. காசோ பொருளோ வாங்கினால், "இது விளம்பரம்" என்று முதலிலேயே சொல்வேன்.

3. மெயினை அணைக்காமல் எந்த வேலையும் செய்து காட்ட மாட்டேன். பார்க்கிற சின்னப் பையனும் அப்படியே செய்வான்.

4. கேட்காமல் யாரையும் படம் பிடிக்க மாட்டேன். வயலில் நிற்கும் அம்மாவையும்கூட.

5. பரீட்சை நேரத்தில் சேனலுக்கு லீவு!

இதில் இரண்டாவது என் சொந்தச் சரக்கு மட்டுமல்ல. பணம் வாங்கியதை எளிய வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் பேசியவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை!

கட்டுப்பாடு வைத்தால் வளர முடியாது என்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்தில் 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' நினைவிருக்கிறதா? ஒரு தாத்தாவும் பேரன்களும் திறந்தவெளியில் சமைத்து, சமைத்ததை இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். அந்த வழியை விடாமலேயே 2021-ல் ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டினார்கள். முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாயும் கொடுத்தார்கள்.

நண்பர்களே! சேனல் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். நாளை நாம் சூப்பர்வைசராகவோ, காண்ட்ராக்டராகவோ ஆவோம். மட்டமான ஒயரைப் போட்டுவிட்டு "நல்ல ஒயர்தான்" என்று சொல்லச் சொல்லிக் காசு நீட்டுவார்கள். காசைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் நம் மனசு காசுக்குத்தான் வக்கீலாகப் பேசும். ஆகவே இன்றைக்கே, சும்மா இருக்கும்போதே, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பேனா செலவுதான்!