பொதுமண்

இரு நாட்டு அணிகள் ஒன்றையொன்று வெல்லத் துடிக்கும்போது, இருவருக்கும் உரிமையில்லாத மூன்றாம் நாட்டில் ஆட்டத்தை நடத்துவது காற்பந்து உலகின் வழக்கங்களுள் ஒன்று. சொந்த ஊர் ஆரவாரம் எவருக்கும் துணையாகிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கமே. ஆயினும், திடலின் நடுவே கோடு கிழிப்பதுபோல் மனித மனங்களையும் பகுத்து வைக்க இயலுமா?

1997ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் இரவு, எங்கள் ஜொகூர் பாருவின் லார்க்கின் விளையாட்டரங்கு அத்தகைய பொதுமண்ணாயிற்று. மறு ஆண்டு பிரான்சில் நடக்கவிருந்த உலகக் கிண்ணப் போட்டியில் ஆசியாவின் மூன்றாம் இடம் யாருக்கு என்பதைத் தீர்க்க ஜப்பானும் ஈரானும் மோதின. ஜப்பான் அதுவரை உலகக் கிண்ணத்தை எட்டியதே இல்லை. 1993இல், டோஹா என்னும் மற்றொரு பொதுமண்ணில், ஈராக் இறுதி நொடிகளில் போட்ட ஒரு கோலால் கைக்கெட்டிய வாய்ப்பை இழந்த நாடு அது.

அரங்கில் திரண்ட 20,000க்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் ஜப்பானியர். சிங்கப்பூர் வழியாகக் கடற்பாலத்தைக் கடந்து வந்தவர்கள் பலர். கண்பட்ட இடமெல்லாம் நீலம், காதுபட்ட ஓசையெல்லாம் "நிப்பொன்! நிப்பொன்!" ஈரானியரோ சிறு கூட்டம். சட்டம் அதைப் பொதுமண் என்றது; செவி அதைத் தோக்கியோ என்றது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் ஏழெட்டுப் பேர் அமர்ந்திருந்தோம். அரங்கின் முழக்கம் சன்னல் வழியாகவும் வந்துகொண்டிருந்தது. எங்களுள் ஒருவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர். அவருடைய தந்தையாரைச் சயாம் இரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டு சென்றனர். சென்றவர் மீளவில்லை. அன்று நீலக் கூட்டம் கடந்து வந்த அதே கடற்பாலத்தைத்தான், 1942 சனவரி 31ஆம் நாள் பின்வாங்கிய பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தனர். சின்னாள்களில் ஜப்பானியப் படை நீரிணையைத் தாண்டிச் சிங்கப்பூரில் இறங்கிற்று. பெரியவருக்கு இந்த மண் எப்படிப் பொதுவாகும்? அவர் ஈரான் பக்கம் என்பதை யாரும் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை.

39ஆம் நிமிடத்தில் நக்காயாமா கோல் போட்டார். சன்னல் அதிர்ந்தது. இடைவேளை முடிந்ததும் அசீசி அதைச் சமன் செய்தார். 59ஆம் நிமிடத்தில் அலி டாயி தலையால் முட்டி ஈரானை முன்னிறுத்தியபோது, வெளியே ஓசை அடங்கிற்று. பெரியவர் முகத்தில் புன்னகை அரும்பியது. 76ஆம் நிமிடத்தில் ஜோ மீண்டும் சமன் செய்தார். கூடுதல் நேரம் தொடங்கியது. முதலில் விழும் கோலே ஆட்டத்தை முடித்துவிடும் என்பது அக்காலத்து விதி. 2004இல் அது கைவிடப்பட்டது. மாற்றாட்டக்காரராக வந்த ஒக்கானோ, கிடைத்த நல்ல வாய்ப்புகளை வீணாக்கினார். 118ஆம் நிமிடத்தில், நக்காத்தா அடித்த பந்து கோல் காவலர் கையிலிருந்து சிதற, ஒக்கானோ சறுக்கிச் சென்று அதை உள்ளே தள்ளினார். மூன்றுக்கு இரண்டு. சன்னல் வழியே வந்தது முழக்கமா அழுகையா என்று பிரித்தறிய முடியவில்லை. திரையில், இளம் இரசிகர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு விம்மினர்.

பெரியவர் நெடுநேரம் திரையையே பார்த்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "பாவம் தம்பி, புள்ளைங்க அழுவுதுங்க. எங்கப்பா கணக்குல இதுங்களுக்கு என்ன பங்கு?"

அவர் எதையும் மன்னித்ததாகக் கூறவில்லை. தந்தையின் கணக்கை முடித்துவிடவும் இல்லை. அதை அந்த இளைஞர்களின் பெயரில் எழுத மறுத்தார், அவ்வளவே.

ஈரானும் வெறுங்கையோடு திரும்பிவிடவில்லை. நவம்பர் 29ஆம் நாள் மெல்பர்னில் ஆஸ்திரேலியாவுடன் இரண்டுக்கு இரண்டு எனச் சமன் கண்டு, அதுவும் பிரான்சுக்குச் சென்றது. ஜப்பானியர் அந்த இரவை இன்றும் "ஜொகூர் பாருவின் மகிழ்ச்சி" என எங்கள் ஊர்ப் பெயராலேயே அழைக்கின்றனர். போட்டியை நடத்துவோர் ஒரு நாட்டைத் தேர்ந்து மண்ணைப் பொதுவாக்கலாம். மனத்தைப் பொதுவாக்கும் பணி, இழந்தவர்களிடமே விடப்படுகிறது.