உள்ளங்கை ட்ரோன்

தம்பிலுவில் வீட்டு ஹோலில் நானும் மகளும் கட்டிய குட்டி ட்ரோன் பறக்கிறது. 65 மில்லிமீற்றர் சட்டம், நான்கு மோட்டார், ஒற்றைச் செல் பற்றரி. எல்லாம் சேர்த்து 30 கிராம் அளவுதான். ட்ரோனின் கமராப் படத்தைப் பார்க்க விலைகூடிய கண்ணாடி வாங்கவில்லை. சின்ன ரிசீவரைப் பழைய போனில் செருகிப் படம் பார்க்கிறோம். படம் கொஞ்சம் பிந்தி வரும், அதனால் மெதுவாகத்தான் ஓட்டுகிறோம்.

முதல் நாள் கிளப்பக் கிளப்பக் கவிழ்ந்தது. மகள் குனிந்து பார்த்து, "அப்பா, இந்த விசிறி ரெண்டும் மாறிக் கிடக்கு" என்றாள். மூலைக்கு மூலை எதிரே உள்ளவை ஒரே பக்கம் சுற்ற வேண்டும். மாற்றிப் போட்டோம், நிதானமாக எழும்பியது. அவள் முகத்தை மறக்கமாட்டேன்.

கடற்கரைக்குக் கொண்டுபோவதில்லை, காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு இலங்கை முழுக்க ட்ரோன் தடைசெய்யப்பட்டதும் நினைவிருக்கிறது. பிள்ளைகளோடு செய்ய நினைப்பவர்கள், பாகங்களுக்குச் சல்லி கட்டும் முன் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.